தாழ்மையும் தேவனைச் சார்ந்திருப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெபக்கூட்டங்களிலும் வேதபாட வகுப்புகளிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். வசனங்கள் பழைய திருப்புதலில் உள்ளபடி. கத்தோலிக்க வாசகர்கள் ஜெபம் என்ற இடத்தில் செபம் என்றும், உபவாசம் என்ற இடத்தில் நோன்பு என்றும் வைத்து வாசித்துக்கொள்ளலாம், விஷயம் ஒன்றுதான்.

தாழ்மை என்றால் சுருக்கமாக என்ன?

நம்மிடம் இருப்பதெல்லாம் வாங்கியது என்று தெரிந்து, அதற்கேற்ப நடந்துகொள்வது. "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்று பவுல் கொரிந்தியரைக் கேட்கிறார் (1 கொரிந்தியர் 4:7). குரலைத் தாழ்த்திப் பேசுவதும் கைகட்டி நிற்பதும் நம் ஊரில் மரியாதை. அதையே தாழ்மை என்று கணக்கில் எடுத்தால் ஏமாந்துபோவோம்; கைகட்டி நின்றபடியே பிடிவாதம் பிடிப்பவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. யாரிடம் கேட்கிறோம், எதை ஒத்துக்கொள்கிறோம், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்ற மூன்று இடங்களில்தான் தாழ்மை வெளிப்படுகிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த மூன்றையே சுற்றி வரும்.

"நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று எப்போதும் தோன்றுகிறது. இது தாழ்மைதானே?

ரோமர் 12:3 தன்னைக்குறித்து "எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல்" தெளிந்த எண்ணத்தோடு எண்ணச் சொல்கிறது. தெளிவு என்றால் கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது. நன்றாகப் பாடத் தெரிந்தவர் "எனக்கு என்ன தெரியும்" என்று இழுப்பது பெரும்பாலும் எதிரில் இருப்பவர் மறுத்துச் சொல்வதற்காகத்தான். "ஆமாம், பாடுவேன். எந்தப் பாட்டு வேண்டும்?" என்று கேட்பவர் அவரைவிடத் தாழ்மையானவர்.

இன்னொரு வகையும் உண்டு. தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, சாகலாம் என்று தோன்றுகிறது. இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, மருத்துவரிடம் போக வேண்டும். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது தேவன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை (1 இராஜாக்கள் 19). தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடி தூங்கினார், தூதன் எழுப்ப மறுபடி சாப்பிட்டார். அதன் பிறகுதான் ஓரேபுக்குப் பயணம். அப்படிப்பட்டவரிடம் "விசுவாசம் போதவில்லை" என்று சொல்லும் மூப்பர் இந்த அதிகாரத்தை ஒருமுறை உட்கார்ந்து வாசிக்கட்டும்.

தேவனைச் சார்ந்திருப்பவர் திட்டம் போடலாமா?

போடலாம், போட வேண்டும். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறான் என்று இயேசுவே சொல்கிறார் (லூக்கா 14:28). யோசேப்பு ஏழு வருஷ விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைக்கச் சொன்னது கனவின் அர்த்தத்தைத் தேவன் வெளிப்படுத்திய அதே நாளில். யாக்கோபு 4:13-15 கண்டிப்பது வேறு ஒன்றை: இன்ன ஊருக்குப் போவோம், ஒரு வருஷம் தங்குவோம், வியாபாரம் செய்வோம், சம்பாதிப்போம் என்று நான்கு முடிவுகளை அடுக்குபவர், நாளைக்கு உயிரோடிருப்போமா என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தினந்தோறும் தந்த ஆகாரமாகிய மன்னா இதற்கு நல்ல பாடம். தலைக்கு ஒரு ஓமர், ஏறத்தாழ இரண்டு லிட்டர். மறுநாளைக்கு என்று மிச்சம் வைத்தவர்களுடையது பூச்சிபிடித்து நாறியது. ஆனால் ஆறாம் நாள் இரட்டிப்பாக எடுத்து வைத்ததோ கெடவில்லை (யாத்திராகமம் 16). அது கெட்டதும் கெடாததும் சேர்த்துவைத்ததைப் பொறுத்ததல்ல. ஒரே மன்னா, சொன்னபடி வைத்தால் நின்றது, பயத்தில் பதுக்கினால் நாறியது.

சேமிப்பு, இன்ஷூரன்ஸ்?

மேலே சொன்ன கணக்குதான். பாலிசி எடுப்பது அவிசுவாசம் என்று சொல்பவர்கள் பைக்கில் ஹெல்மெட் போடுவதையும் கதவைப் பூட்டுவதையும் விளக்கியாக வேண்டும். சேமிப்பு எப்போது பிசகுகிறது என்றால், தொகை ஏற ஏறக் கொடுப்பது குறையும்போது. லூக்கா 12-ல் வரும் ஐசுவரியவான் "என் தானியம், என் களஞ்சியம், என் ஆத்துமா" என்று தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். அந்தப் பேச்சில் வேறு மனிதரே இல்லை. அதை வைத்து உங்கள் பாஸ்புக்கைப் பாருங்கள்.

விசுவாசத்தில் மருந்தை நிறுத்தலாமா?

கூடாது. எசேக்கியாவுக்குப் பதினைந்து வருஷம் ஆயுசு கூட்டித் தருவதாகத் தேவன் வாக்களித்த பிறகும், ஏசாயா அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (ஏசாயா 38). இன்சுலினை நிறுத்துவது, வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விடுவது, காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மருந்தை இரண்டாம் மாதமே இருமல் நின்றுவிட்டது என்று விட்டுவிடுவது, மூன்றுமே ஆபத்து. காசநோயில் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறி, வீட்டில் இருப்பவர்களுக்கும் அதே முரட்டுக் கிருமி தொற்றும். சுகம் கிடைத்தது என்று நம்பினால் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லி நிறுத்துங்கள். பத்துக் குஷ்டரோகிகளையும் இயேசு ஆசாரியர்களிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார். சோதித்துப் பார்ப்பதற்கு அவர் பயப்படவில்லை.

தினமும் ஜெபிக்கிறேன். ஆனால் சார்ந்திருக்கிறேனா என்று தெரியவில்லை.

லூக்கா 18-ல் பரிசேயனின் ஜெபத்தை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஸ்தோத்திரம் இருக்கிறது, வாரத்தில் இரண்டுதரம் உபவாசம் இருக்கிறது, தசமபாகம் இருக்கிறது. வேண்டுதல் ஒன்றுகூட இல்லை. அவனுக்குத் தேவனிடம் கேட்பதற்கு எதுவுமில்லை. ஆயக்காரனிடம் இருப்பது ஒரே வேண்டுதல்தான்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்."

நம் ஜெபம் இன்னொரு விதத்தில் பிசகும். முடிவை நாமே எடுத்துவிட்டு, மேலதிகாரியின் கையெழுத்துக்கு ஃபைலை நீட்டுவதுபோல ஜெபத்தில் வைப்போம். இடம் பார்த்தாயிற்று, முன்பணம் கொடுத்தாயிற்று, "ஆண்டவரே, உம்முடைய சித்தம்" என்று ஒரு வரி. அது ஜெபமாகாது, தகவல்.

காலையில் பதினைந்து நிமிடம் போதும் என்று வைத்துக்கொள்வோம். போன் வேறு அறையில் இருக்கட்டும். வேதாகமத்தைப் போனில் வாசிப்பவர்கள் இந்த ஒரு நேரத்துக்காவது அச்சுப் புத்தகத்தை எடுங்கள், இரண்டாவது நிமிடமே வாட்ஸ்அப் கூப்பிடும். முதல் மூன்று நிமிடம் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். தொடங்குவதற்கு 131 நல்லது, மூன்றே வசனம். "தாயின் பால்மறந்த குழந்தை" அதில்தான் வருகிறது. பிறகு 123, 25, 86, 143. அடுத்த இரண்டு நிமிடம் பேசாமல் இருங்கள். அடுத்து நேற்றையது: யாரிடம் எரிந்து விழுந்தோம், எதை மறைத்தோம், பெயரோடும் சம்பவத்தோடும் சொல்லுங்கள். "அறிந்தும் அறியாமலும் செய்த பாவங்களை மன்னியும்" என்பது பொது ஆராதனைக்குச் சரி. தனி ஜெபத்தில் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள்.

மிச்ச நேரத்தில் பெரும்பகுதி இன்றைய தேவைக்கு. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்பதில் இன்று என்ற அளவு முக்கியம். இன்றைக்கு என் சக்திக்கு மிஞ்சியது என்று தெரிகிற மூன்று காரியங்களை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் கேளுங்கள். பத்தரை மணி மீட்டிங்கில் அவர் குத்திப் பேசும்போது நான் வாயடக்க வேண்டும் என்பது நல்ல வேண்டுதல். என் குடும்பத்தை ஆசீர்வதியும் என்பது மிகவும் அகலம். பதில் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கடைசி இரண்டு நிமிடம் உங்களுக்கு லாபமில்லாத ஒருவருக்காக.

ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டுங்கள். உங்களுக்கு எளிதாக வருகிற வேலைகளுக்காக ஒருநாளும் ஜெபித்திருக்கமாட்டீர்கள். சமையல் தெரிந்தவர் சமையலுக்காக, பிரசங்கம் வருகிறவர் பிரசங்கத்துக்காக ஜெபிப்பதை விட்டு வருஷக்கணக்காகியிருக்கும். பெருமை குடியிருக்கும் அறை அதுதான். "அவன் பலப்பட்டபோது" யூதாவின் ராஜா உசியாவின் மனம் மேட்டிமையானது என்று 2 நாளாகமம் 26:16 சொல்கிறது. பலவீனமாக இருந்தபோது அவர் தேவனைத் தேடிக்கொண்டுதான் இருந்தார்.

இரவில் மனச்சாட்சி ஆய்வு செய்வது எப்படி?

16-ம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஐந்து படிகள் இன்றும் இயேசு சபையினரால் பயன்படுத்தப்படுகின்றன. புராட்டஸ்டண்டுகளும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நன்றி சொல்வது, வெளிச்சம் கேட்பது, நாளை மணிவாரியாகத் திரும்பப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு தீர்மானம். பத்து நிமிடம். வரிசையை மாற்றாதீர்கள். நன்றியை விட்டுவிட்டு நேராகக் குற்றத்துக்குப் போனால் நாலாவது நாளே மனம் கசந்து விட்டுவிடுவோம். படுத்துக்கொண்டு செய்தால் மூன்றாம் படிக்குள் தூங்கிவிடுவோம், நாற்காலியில் உட்காருங்கள். தீர்மானம் ஒன்றே ஒன்று, அதுவும் நாளைக்குள் செய்து முடிக்கக்கூடியது.

உபவாசம் எப்படித் தொடங்குவது? எங்கே தப்பு நடக்கிறது?

உபவாசம் உடம்புக்கு அதன் சார்பை நினைப்பூட்டுவது. "உன்னைச் சிறுமைப்படுத்தி, பசியினால் வருத்தி" மன்னாவால் போஷித்தார் என்று உபாகமம் 8:3 சொல்கிறது. தேவனை வற்புறுத்தும் உண்ணாவிரதமாக அதை ஆக்கிவிடக்கூடாது.

முதல்முறை என்றால் ஒரு வேளைச் சாப்பாட்டை விடுவது போதும். முந்தின இரவு லேசாகச் சாப்பிடுங்கள், பிரியாணி சாப்பிட்டுவிட்டு மறுநாள் உபவாசம் இருந்தால் பாதி நாள் தாகத்திலேயே போகும். காபி தினம் மூன்று முறை குடிப்பவர்கள் மூன்று நாள் முன்பே குறைத்துக்கொள்ளாவிட்டால் பதினோரு மணிக்குத் தலைவலி வரும். அதைச் சோதனைக்காரனின் தாக்குதல் என்று நினைக்க வேண்டியதில்லை. தண்ணீர் குடிக்கலாம், குடிக்க வேண்டும், நம் வெயிலில் இரண்டு லிட்டருக்குக் குறையாமல். சாப்பாட்டு நேரமாகிய அந்த அரைமணியை ஜெபத்துக்கு ஒதுக்குங்கள். அதை டிவி முன்னால் கழித்தால் அது பட்டினி மட்டுமே. முடிக்கும்போது கஞ்சி, மோர், பழம். எண்ணெய்ப் பலகாரத்தோடு முடித்தால் வயிறு அன்றிரவே கணக்குத் தீர்க்கும்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், அல்சர் உள்ளவர்கள், சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவேண்டாம். கூட்டத்தில் யாருக்காவது வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள், தேறவில்லையென்றால் இன்னொருமுறை கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உபவாசக்கூட்டம் நடத்தும் சபைகளில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கரை டப்பா இருப்பது நல்லது. உணவையும் காபியையும் விட முடியாதவர்கள் போனையும் பேச்சையும் விட்டு உபவாசம் இருக்கலாம்.

தப்பு நடக்கும் இடம் மத்தேயு 6:16-18. முகத்தைக் கழுவி எண்ணெய் பூசிக்கொள்ளச் சொன்ன ஆண்டவரின் பிள்ளைகள் "இன்று மூன்றாம் நாள் உபவாசம்" என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். இன்னொரு தப்பு ஏசாயா 58-ல்: உபவாச நாளிலும் வேலைக்காரரை நெருக்குவது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு இருக்கிற உபவாசத்தை அந்த அதிகாரம் பெயர் சொல்லாமல் பேசுகிறது.

புத்தாண்டு வாக்குத்தத்த வசனத்தை வைத்து முடிவெடுக்கலாமா?

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டிலிருந்து எடுக்கும் அட்டை ஊக்கத்துக்கு நல்லது. வெளிநாட்டு வேலை, வரன், வீடு என்று முடிவெடுக்கும் கருவியாக அது செய்யப்படவில்லை. வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைப்பதும் அதே ரகம். கேட்பதுபோல இருக்கும், உண்மையில் காத்திருக்கும் சிரமத்தைத் தவிர்க்கும் வழி.

செய்ய வேண்டியது இது. கேள்வியை ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும்படி ஒரு காகிதத்தில் எழுதுங்கள். இல்லை என்று வந்தாலும் ஏற்பேனா என்று முதலில் உங்களையே கேளுங்கள். ஏற்கமாட்டேன் என்றால் சில நாள் அதற்காக மட்டும் ஜெபியுங்கள். வேதம் நேரடியாகத் தடுக்கும் காரியமா என்று பாருங்கள். உங்களிடம் "வேண்டாம்" என்று சொல்லத் துணிவுள்ள இருவரிடம் கேளுங்கள், அதில் ஒருவர் உங்கள் சொந்தக்காரராக இல்லாமல் இருக்கட்டும். பிறகு ஒரு கெடு வைத்துக் காத்திருந்து, முடிவெடுத்து, பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். தவறினால் "ஆண்டவர்தான் சொன்னார்" என்று அவர்மேல் பழி போடக்கூடாது.

தெளிவாகத் தெரிகிற விஷயத்தைக் கேட்க வேண்டியதில்லை என்று தோன்றும் இடத்தில்தான் ஜாக்கிரதை. கிபியோனியரின் பூசணம்பூத்த அப்பத்தைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, அவர்கள் தூரதேசத்தார் என்று யோசுவாவின் ஆட்கள் நம்பிவிட்டார்கள். கர்த்தருடைய வாக்கைக் கேட்கவில்லை (யோசுவா 9:14). தாவீது இதற்கு நேர் எதிர். ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் பெலிஸ்தரை ஒருமுறை ஜெயித்தாயிற்று. அதே எதிரி அதே பள்ளத்தாக்குக்கு மறுபடி வந்தபோதும் முதலிலிருந்து கேட்கிறார். இந்தமுறை வந்த பதில் வேறு: நேராகப் போகாதே, பின்னாலே சுற்றி முசுக்கட்டைச் செடிகளுக்கு எதிரேயிருந்து பாய்ந்துவா (2 சாமுவேல் 5:23). போன வருஷ கன்வென்ஷன் பட்ஜெட்டைத் தேதி மாத்திரம் மாற்றிப் போடும் கமிட்டிகள் இதைக் கவனிக்கலாம்.

பணத்தேவையை மனிதரிடம் சொல்லாமல் ஜெபிப்பதுதான் உண்மையான சார்பா?

இது ஒரு வழி. ஒரே வழி என்று வேதம் சொல்லவில்லை. எருசலேம் பரிசுத்தவான்களுக்காகப் பவுல் வெளிப்படையாகவே பணம் சேர்த்தார் (2 கொரிந்தியர் 8, 9). ஆனால் சொல்லாமல் ஜெபிக்கும் வழியைத் தேர்ந்தவர்கள் எவ்வளவு கண்டிப்பாக நடந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

ஜார்ஜ் முல்லர் 1830-ல் சபை தரும் சம்பளத்தையும், ஆலயத்தில் இருக்கைக்கு வாங்கும் வாடகையையும் வேண்டாம் என்றார். அதற்குப் பதில் ஒரு காணிக்கைப் பெட்டி. 1836-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் முதல் அநாதை இல்லம். 1849-க்கும் 1870-க்கும் இடையில் ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரிய கட்டடங்கள். 1898-ல் இறக்கும்வரை அவருடைய பராமரிப்பில் வளர்ந்த பிள்ளைகள் பத்தாயிரம் பேர். கடன் வாங்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. அதேசமயம் வரவு செலவைப் பைசா சுத்தமாக எழுதி வருஷந்தோறும் அச்சிட்டார். அந்த அறிக்கையே ஒரு மறைமுக வேண்டுகோள்தானே என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. 1841 இறுதியில் கையில் காசில்லாத நேரத்தில் அறிக்கை வெளியிட வேண்டி வந்தபோது, அது குறிப்புக் காட்டுவதாகிவிடும் என்று அவர் கூட்டத்தையும் அறிக்கையையும் தள்ளிவைத்தார். தேவை அதிகமாக இருக்கும்போது அறிக்கையைத் தள்ளிவைக்கும் துணிவு இன்று எந்த ஊழியத்துக்கு இருக்கிறது?

நம் பக்கத்தில் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அதே வழியில் நடந்தார். 1901 முதல் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தவர், 1931-ல் விழுந்து அடிபட்டபின் கிட்டத்தட்ட இருபது வருஷம் படுக்கையோடு இருந்தார். 1951-ல் இறந்தபோது கல்லறைமேல் கல் வைக்கவேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த்தொட்டியை வைத்து அதில் "அம்மா" என்று மட்டும் பொறித்தார்கள்.

இந்த வழியைப் பின்பற்ற விரும்பும் ஊழியர் மூன்று விஷயத்தில் உறுதியாக இருக்கவேண்டும். பணம் வராவிட்டால் வேலையைச் சுருக்குவது, கடையில் கடன் சொல்லாமல் இருப்பது, கணக்கை வெளியாள் ஒருவர் தணிக்கை செய்வது. "யாரிடமும் கேட்பதில்லை, ஜெபக்குறிப்பு மட்டும் அனுப்புகிறோம்" என்று சொல்லி, குறிப்பின் அடியில் வங்கிக் கணக்கு எண்ணையும் க்யூஆர் கோடையும் போடுவது அந்த வழியில் சேராது. கேட்க வேண்டுமென்றால் பவுலைப்போல நேராகக் கேளுங்கள், தொகையையும் காரணத்தையும் சொல்லி.

காணிக்கையில் பெயர் போடலாமா?

ஆலயத்தில் தலைக்குமேல் சுற்றும் ஃபேனின் இறக்கையில் "அன்பளிப்பு" என்று பெயிண்டில் எழுதி, அதற்குக் கீழே குடும்பத்தார் பெயர் எல்லாம் இருக்கும். ஃபேன் ஓடும்போது வாசிக்க முடியாது, கரண்ட் போனால்தான் தெரியும். கொடுத்தவருக்கு ரசீது அவசியம், ஆண்டுக் கணக்கில் பெயர் வருவதும் சரி. சுவரிலும் இறக்கையிலும் வேண்டாம். இதைவிட நல்ல பழக்கம் நம் சபைகளில் ஏற்கெனவே இருக்கிறது: பிடியரிசி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுபோவது. மிசோரம் கிறிஸ்தவர்களும் இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். எல்லாருடைய அரிசியும் ஒரே மூட்டையில் கலந்துபோவதால் யாருடையது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

பாதம் கழுவும் ஆராதனையை எப்படி நடத்துவது?

கத்தோலிக்க ஆலயங்களில் பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் இது நடக்கிறது. ஆண்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் விதியை 2016 ஜனவரியில் போப் பிரான்சிஸ் மாற்றினார். மற்ற சபைகளிலும் சில இடங்களில் உண்டு.

பன்னிரண்டு பேருக்கு ஆறேழு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், ஊற்ற ஒரு கூஜா, இரண்டு பேசின், ஆளுக்கு ஒரு துண்டு, அழுக்குத் தண்ணீருக்கு மூடியுள்ள வாளி. இரண்டு பாதங்களையும் கழுவுங்கள். ஒரு காலில் நான்கு துளி தெளித்துவிட்டு நகர்வது நடிப்பு. முட்டி போட முடியாத போதகர் தாழ்வான முக்காலியில் உட்காரலாம். காலில் புண் உள்ளவரை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கெட்டுப்போவது ஆட்களைத் தேர்வதில். பன்னிரண்டு பேரும் கமிட்டி உறுப்பினர் என்றால் அர்த்தமில்லை. ஆலய வேலைகளைச் செய்யும் கோவில்குட்டி, துப்புரவுப் பணியாளர், புதிதாக வந்த குடும்பம், போதகரோடு மனஸ்தாபத்தில் இருப்பவர், இவர்களைக் கேளுங்கள். பலர் மறுப்பார்கள். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுருவும் மறுத்தார். கழுவுவதைவிடக் காலை நீட்டுவது கஷ்டம், உதவி வாங்கத் தெரியாதவருக்கு இன்னும் கஷ்டம். ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சபை கொடுக்கும் பணத்தைத் திருப்பியனுப்புகிறவர் சில நேரம் தாழ்மையால் அனுப்புவதில்லை. கேமராக்காரரை வெளியே நிறுத்துங்கள்.

மன்னிப்பு எப்படிக் கேட்பது?

மத்தேயு 5:23-24 படி, காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டுப் போக வேண்டும்; ஆராதனை காத்திருக்கும். நேரில் போங்கள், வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். செய்ததைச் சொல்லுங்கள்: "போன வாரம் எல்லார் முன்னாலும் உங்களைப் பொய்யர் என்றேன். அது தப்பு." அதோடு நிறுத்துங்கள். "ஆனால்" என்று தொடங்கும் அடுத்த வாக்கியம் முந்தினதை அழித்துவிடும். "மனம் புண்பட்டிருந்தால்" என்பதும் வேண்டாம். நஷ்டம் இருந்தால் ஈடுகட்டுங்கள், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று சகேயு சொன்னார். எல்லார் முன்னாலும் பேசியதற்கு எல்லார் முன்னாலும் கேட்க வேண்டும். அவர் அன்றைக்கே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அதிகாரம் செலுத்துவதுதான்.

பிள்ளைகளிடமும் மருமகளிடமும் கேட்க முடியாது என்று நினைப்பவர்கள் உண்டு. நம் குடும்பங்களில் அதைத்தான் முதலில் பழக வேண்டும்.

தாழ்மை என்றால் அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டு போவதா?

இதை மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குப் போதிக்கும்போது சந்தேகப்படுங்கள். கன்னத்தில் அறைந்தவனிடம் இயேசு, "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). பிலிப்பியில் விசாரணையில்லாமல் அடித்துச் சிறைவைத்த அதிகாரிகள் ரகசியமாக விடுதலை செய்யப் பார்த்தபோது, அவர்களே வந்து வெளியே அழைத்துவிடட்டும் என்று பவுல் சொல்லிவிட்டார் (அப்போஸ்தலர் 16:37). வந்தார்கள்.

ஜாதி விஷயத்தில் இது இன்னும் தெளிவு. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபினிடமிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2). 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் ஜாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று எழுதியபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். தனிக் கல்லறைத் தோட்டமும் தனித் தெருச் சபையும் இன்னும் இருக்கும் ஊரில், "பொறுமையாயிருங்கள்" என்ற பிரசங்கத்தை யாரைப் பார்த்துச் செய்வது என்பதில்தான் போதகரின் தாழ்மை தெரியும். தாழ வேண்டியவர்கள் முன் வரிசையில் இருப்பவர்கள். வீட்டில் அடி வாங்கும் மனைவியிடம் தாழ்மையைப் பேசுவதும் இதே தப்பு. முதலில் அவருக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும், 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

தாழ்மையோடு கேட்டும் கிடைக்கவில்லையே?

பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டினார். முள் எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. கெத்செமனேயில் இயேசு வேண்டியதும் மூன்றுதரம், பாத்திரம் நீங்கவில்லை. சங்கீதம் 88 கூப்பிடுதலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். பிள்ளையை இழந்தவரிடம் காரணம் சொல்லப் போகாதீர்கள். யோபின் நண்பர்கள் ஏழுநாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த வரைக்கும் சரியாகத்தான் செய்தார்கள்.

சாட்சி சொல்லும்போது பெருமை வந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

மூன்று நிமிடத்துக்குள் அடங்கும்படி முந்தின நாளே எழுதிப் பாருங்கள். அதில் "நான்" என்று வரும் இடங்களைக் கோடிட்டு, பாதியை அடியுங்கள். எத்தனை மணிநேரம் ஜெபித்தீர்கள், எத்தனை நாள் உபவாசம் என்பதை எடுத்துவிடுங்கள். உதவிய மனிதர்களைச் சேருங்கள்: இரவு இரண்டு மணிக்கு ஆட்டோ ஓட்டியவர், ரத்தம் கொடுத்தவர், ஆபரேஷன் செய்த டாக்டர், அவர்கள் எந்த மதமானாலும். தேவன் அவர்கள் வழியாகச் செய்தார் என்று சொன்னால் அவருடைய மகிமை குறைந்துவிடாது. "மற்றவர்களுக்கு இப்படி நடக்கவில்லை, எனக்கு நடந்தது" என்ற வரியை முழுவதுமாக வெட்டுங்கள். அதே பெஞ்சில் ஆறு மாதம் முன்பு இதே ஜெபத்தைச் செய்து, இழந்தவர் உட்கார்ந்திருப்பார். பிறகு மைக்கைக் கொடுத்துவிட்டு உட்காருங்கள். "இன்னும் ஒரே ஒரு காரியம்" என்று திரும்ப வாங்காதீர்கள்.